கை இறங்கும் வரை

“நாற்பத்தேழு உள்ள வாங்க. நாற்பத்தெட்டு வாசல்ல நில்லுங்க. நாற்பத்தொன்பது, நீங்க எதுக்கு இப்பவே எந்திரிக்கிறீங்க? உக்காருங்க.”

நாற்பத்தொன்பது உட்கார்ந்துவிடுகிறார். பார்த்தால் பெரிய அதிகாரி போலத் தெரிகிறது. அலுவலகத்தில் அவர் வந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்களாக இருக்கும். இங்கே ஒரே சொல்லில் அடங்கி, கையிலிருந்த சீட்டை மறுபடி பார்த்துக்கொள்கிறார்.

கண் மருத்துவமனையின் புறநோயாளிகள் கூடத்தில் டோக்கன் அழைக்கிறவர் இந்த அம்மா. பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது. டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லாருக்கும் அவர் ‘டோக்கன் அக்கா’. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, உயரமும் குறைவு. குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. ஆனால் கத்த மாட்டார். கடைசி பெஞ்சில் இருப்பவருக்குப் பக்கத்தில் வந்து சொன்னதுபோல் கேட்கும். முன்பு கூடத்தில் மைக் ஒன்று இருந்தது. அது கெட்டுப்போனபோது பழுது பார்க்க வந்தவர், “உங்களுக்கு எதுக்கும்மா இது?” என்று கேட்டுவிட்டுக் கழற்றிக்கொண்டு போனவர்தான், இன்னும் திரும்பி வரவில்லை.

சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருக்கும் பெஞ்சு ஒன்று சுவரோரம் உண்டு. அந்தப் பக்கம் போகும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொள்வார். “கசக்காதீங்க. ஒத்தி எடுங்க. கசக்கினா புண்ணாயிடும்” என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு பஞ்சுத் துண்டை நீட்டுவார். அந்தப் பஞ்சு அவர் கைப்பையில் எந்நேரமும் இருக்கும். வீட்டுச் சாவியை மறந்தாலும் மறப்பார், பஞ்சை மறக்க மாட்டார்.

வேலை முடிந்தாலும் கை சும்மா இருக்காது. மருந்துக் கடை, பஸ் நிறுத்தம், மளிகைக் கடை என்று நாலு பேர் குழம்பி நிற்கும் இடம் எதுவாக இருந்தாலும் போதும். “நீங்க முதல்ல வந்தீங்க, அப்புறம் இவரு, அப்புறம் அந்தம்மா, அப்புறம்தான் நான்” என்று பிரித்து வைத்துவிட்டுத் தான் போய்க் கடைசியில் நிற்பார். ஒரு முறை இப்படிப் பிரித்து வைப்பதற்குள் பஸ் போய்விட்டது. வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். அடுத்த பஸ்ஸுக்கு எல்லாரும் வரிசையாகவே ஏறினார்கள் என்று அதையும் பெருமையாகத்தான் சொல்கிறார்.

இவருடைய அண்ணனுக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. கண்புரைக்குப் பார்க்க வந்த அன்று, கூடப் பிறந்தவள் வாசலில் இருக்கிறாள், நேரே உள்ளே போய்விடலாம் என்று நம்பி நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டு வந்தார். கிடைத்தது தொண்ணூறாம் நம்பர் சீட்டு. தொண்ணூறாவதாகத்தான் உள்ளே போனார். “ஊருக்கெல்லாம் தங்கச்சி இருக்கா, எனக்கு டோக்கன்காரிதான் இருக்கா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அண்ணனுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் ஒரு வாரப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவன். கண் நன்றாகத்தான் தெரிகிறது. டோக்கன் அக்காவை நான் அறிந்தது ரக்பி மைதானத்தில்.

சில வெளிநாடுகளில் வெகுகாலமாக ஒரு தொழில்முறை ரக்பி லீக் நடந்து வருகிறது. அங்கே பார்க்க வேண்டியவர்களெல்லாம் பார்த்து முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. புது ஆட்களைத் தேடி லீக்கைப் புது நாடுகளுக்கு விரித்தார்கள். சென்ற பருவத்தில் இரண்டு நாடுகளுக்குத் தலா ஓர் அணி கிடைத்தது. அதில் ஒன்று நாம். இரண்டு அணியும் சோதனைக்குத்தான். பருவம் முடியும்போது பட்டியலில் எந்தப் புது அணி மேலே இருக்கிறதோ அது நிலைக்கும், மற்றது போகும். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களையும் சேர்த்து உட்கார வைத்துப் பார்த்த கதைதான். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அப்போதே எழுதினேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஓட்டப் பந்தய மைதானத்தில் இரண்டு பக்கமும் உயரக் கம்பங்கள் நட்டு, நடுவில் குறுக்குக் கட்டை வைத்தபோது, எந்தக் கம்பெனியின் செல்போன் டவர் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். முதல் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். பந்து வெளியே போனால் கைதட்டினார்கள். ஸ்க்ரம் என்று எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையை நுழைத்து முட்டினார்களே, அப்போது கிழக்குப் பக்கத்திலிருந்து பெரியவர்கள் சிலர், “விலக்கி விடுங்கப்பா! போலீஸ் நின்னு பாத்துக்கிட்டு இருக்கே!” என்று வேலியைத் தாண்டி இறங்கியேவிட்டார்கள். அன்று ஒலிபெருக்கியில் பேசியவர் வானொலிக்காரர், தேன் குரல். “ஆஹா, என்ன ஒரு பரவசம்!” என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒரு விவரமும் வரவில்லை.

அணியின் மேலாளர் ஓட்டல் தொழிலிலிருந்து வந்தவர். எதையும் ‘பிராண்டு’ என்பார். கவலையோ தூசியோ, மறுவாரம் அவருக்குக் கண் சிவந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போனார். “நாங்க யாருன்னா…” என்று ஆரம்பித்தவரை, “அறுபத்து மூணு. உக்காருங்க” என்று ஒரு குரல் உட்கார வைத்தது. உட்கார்ந்தவர் அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அத்தனை பேர், அத்தனை அவசரம், ஆனால் ஒரு சலசலப்பு இல்லை. கண் சிவப்பு போனதோ இல்லையோ, மைதானத்தில் மைக் பிடிக்க அவருக்கு ஆள் கிடைத்துவிட்டது.

அக்கா ஒப்புக்கொண்டதற்குக் காரணம் மேலாளரின் பேச்சு இல்லை. அண்ணன் மகன் அந்த அணியில் ஆடுகிறான். அணியில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்கள். உள்ளூர்க்காரர்கள் மூன்று நான்கு பேர்தான். அதில் இவன் ஒருவன். சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். நண்பர்கள் ‘தூண்’ என்று கூப்பிடுவார்கள். ஸ்க்ரத்தில் முன்வரிசையில் நின்று தோளைக் கொடுப்பது அவன் வேலை, சட்டையில் மூன்றாம் எண். தாயில்லாத பிள்ளை, அத்தைதான் வளர்த்தார். அணி நிலைத்தால் அவனுக்கு இரண்டு வருட ஒப்பந்தம். போனால் வெளிநாட்டவர்கள் வேறு அணிக்குப் போவார்கள், இவன் கிடங்குக்குப் போவான். ஒளிவுமறைவே இல்லை, அவனிடம் முகத்துக்கு நேரே அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

ஆட்டத்தின் விதிகளை அக்கா வீட்டுக் கூடத்தில் கற்றார். இரண்டாம் மாடியில் சின்ன வீடு. சமையலறைக்குள் தூண் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். சோபா மெத்தையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் முட்ட, அக்கா நடுவில் நின்று கேள்வி கேட்பார். “விதி அப்படித்தான் அத்தை” என்ற பதிலை ஏற்க மாட்டார். “எதுக்கு அப்படி? அதச் சொல்லு முதல்ல. எனக்கே புரியலன்னா நான் என்னன்னு சொல்றது?” கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து என்ன இடிகிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஆட்டத்தில் மைதானம் முதன்முறையாக அந்தக் குரலைக் கேட்டது. மைக்கைத் தட்டிப் பார்ப்பது, ‘ஹலோ ஹலோ’ சொல்வது எதுவும் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்கிலிருந்து ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தார்.

“பந்தைக் கையால குடுத்தா பின்னால இருக்கறவருக்குத்தான் குடுக்கணும். முன்னால குடுத்தா தப்பு. வரிசையில நிக்கறப்ப உங்க இடத்தைப் பின்னால இருக்கறவருக்கு விட்டுக் குடுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. முன்னால போய் நுழைஞ்சா விடுவாங்களா? அதேதான்.” மைதானம் ‘ஓ’ என்றது. “இப்ப முட்டப் போறாங்க. சண்டை இல்ல. யாரும் இறங்கி வராதீங்க. முட்டலாம், தள்ளலாம், ஆனா முன்னால நிக்கறவரு சாஞ்சு விழக் கூடாது. அவரு விழுந்தா பின்னால அத்தனை பேரும் மேல விழுவாங்க, கழுத்து போயிடும். அதனால அது பெரிய தப்பு.”

எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி. “தூக்கிப் போட்டா செல்லாது. தூங்கற கொழந்தையப் படுக்க வெக்கற மாதிரி கையெடுக்காம வெக்கணும்” என்றார். அப்படி ஒருவன் வைத்தபோது, என்ன சொல்வதென்று தெரியாமல், “வெச்சாச்சு!” என்றுவிட்டார். அவ்வளவுதான், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நம் ஆள் கோட்டை நெருங்கினாலே மைதானம் முழுக்க “வெச்சாச்சு! வெச்சாச்சு!” என்றுதான் கூவும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல்லும் அதுதான். அதில் ஒருவர் ஓட்டலில் தட்டைக் கழுவுமிடத்தில் வைத்துவிட்டு அதையே சொன்னாராம்.

பத்திரிகைக்காரர்களுக்குத் தனி அறை கட்டி முடியாததால், கூரைக்கு அடியில் இருந்த அறிவிப்பு அறையில் அக்காவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. முன்பக்கம் கண்ணாடி இல்லாத திறந்த ஜன்னல். அங்கே கையை நீட்டினால் மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

தப்புக்குத் தண்டனையாகப் பெனால்டி கிடைத்தால், பந்தைத் தரையில் நிறுத்தி, கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைக்கு மேலே உதைக்கலாம். மூன்று புள்ளி. நம் கூட்டம் எதிரணி உதைக்க வரும்போதெல்லாம் விசிலடித்து ஊளையிட்டு ஆனந்தப்பட்டது. அக்கா வீட்டில் கேட்டார், வெளிநாட்டிலெல்லாம் எப்படி என்று. “அங்க சில ஊர்ல யாரு உதைச்சாலும் கப்சிப்புன்னு இருப்பாங்க அத்தை. நம்ம ஆளு, அவங்க ஆளுன்னு பாக்க மாட்டாங்க” என்றான் தூண். அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அடுத்த ஆட்டத்தில் எதிரணிக்காரர் பந்தை நிறுத்தியதும் ஜன்னலில் கையைத் தூக்கினார். “உக்காருங்க. இந்தக் கை இறங்கற வரைக்கும் சத்தம் கூடாது.” ஒரு விசில் பறந்தது. “கிழக்குப் பக்கம், நீலச் சட்டை. ஆமா, நீங்கதான். திரும்பிப் பாக்காதீங்க, உங்களைத்தான். வாய மூடிட்டு உக்காருங்க.” மைதானம் சிரித்தது, பிறகு அடங்கியது. அந்த நீலச் சட்டைக்காரர் அடுத்த வாரம் முதல் கிழக்குப் பக்கத்துக்குத் தானே காவல்காரர் ஆகிவிட்டார். யாராவது இருமினாலும் அவருக்குப் பொறுக்காது. எனக்கும் ஒரு நாள் கிடைத்தது. கையை உயர்த்தியபடியே என் பக்கம் திரும்பி, “சார், கடலையை அப்புறமா மெல்லுங்க” என்றார். மைக் திறந்திருந்தது. அத்தனை ஆயிரம் பேரும் கேட்டார்கள்.

எதிரிக்கு எதற்கு இந்த மரியாதை என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். வெந்நீர் குடித்துக்கொண்டே சொன்னார்: “உள்ள கண்ணுல ஊசி போட்டுக்கிட்டு இருப்பாங்க சார். வாசல்ல சத்தம் போட்டா டாக்டர் கை ஆடிப்போயிடும். யாரு கண்ணுன்னு கேட்டுட்டா சத்தத்தை நிறுத்தறோம்? கண்ணு கண்ணுதானே.”

பருவத்தின் கடைசி ஆட்டம், வேண்டுமென்றே வைத்ததுபோல், நமக்கும் மற்றப் புது அணிக்கும். இரண்டும் பட்டியலில் சமம். ஜெயித்தவர் இருப்பார், தோற்றவர் போவார். மைதானத்தில் எள் விழ இடமில்லை. ஆட்டம் தொடங்குமுன் மேலாளர் அறிவிப்பு அறைக்கு வந்தார். கதவை மெல்லச் சாத்தினார். நான் இருப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் பேசினார்.

“அக்கா, சின்ன விஷயம். அவங்க உதைக்கறப்ப நீங்க கையத் தூக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல.”

“இல்லதான் சார்.”

“தூக்கவே வேணாம்னு சொல்லல. இன்னிக்கு மட்டும் கொஞ்சம் லேட்டாத் தூக்கினாக்கூடப் போதும். உங்க அண்ணன் பையனுக்கும் நல்லதுதானே?”

அக்கா பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினார். “எங்க அண்ணனையே நான் தொண்ணூறாவதாத்தான் சார் உள்ள விட்டேன்.”

மேலாளருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

ஆட்டம் முழுக்க இழுபறி. நாம் இரண்டு முறை ‘வெச்சாச்சு’, அவர்களும் இரண்டு முறை. வைத்தபின் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் கிடைக்கும் கூடுதல் இரண்டு புள்ளியை மட்டும் அவர்கள் ஒரு முறை தவறவிட்டிருந்தார்கள். நேரம் முடிகிறபோது நாம் இரண்டே புள்ளி முன்னால். கடைசியாக ஒரு ஸ்க்ரம், நம் கம்பத்துக்கு எதிரே. பந்தை நாம் எடுத்து மைதானத்துக்கு வெளியே உதைத்துத் தள்ளினால் எல்லாம் முடிந்தது. எட்டும் எட்டும் முட்டின. முன்வரிசை ஒரு பக்கம் சாய்ந்தது, மடிந்தது, மொத்தமாகச் சரிந்தது. நடுவர் விசிலை ஊதிக் கையை அவர்கள் பக்கம் நீட்டினார்.

யார் சாய்ந்தது என்று மேலேயிருந்து எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது. அக்கா மைக்கை அருகில் இழுத்தார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. “தப்பு நம்ம பக்கம். சாஞ்சது மூணாம் நம்பர். அவங்களுக்குப் பெனால்டி. போனா மூணு புள்ளி.”

தூண் எழுந்திருக்கவில்லை. புல்லில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

எதிரணிக்காரர் பந்தை நிறுத்தினார். நல்ல பையன், வயது இருபதுதான் இருக்கும். இரண்டு முறை பந்து சாய்ந்தது. மைதானம் இரைந்துகொண்டிருந்தது. முதலில் முணுமுணுப்பாக, பிறகு விசிலாக. எல்லாத் தலையும் மேலே, எங்கள் ஜன்னலைப் பார்த்தது. நீலச் சட்டைக்காரர் நின்றுகொண்டு, என்ன செய்யட்டும் என்பதுபோல் பார்த்தார். அக்காவின் கை மேசைமேல், பிளாஸ்கின்மேல் இருந்தது. கை எழவில்லை.

மறைக்க என்ன இருக்கிறது? எழவே வேண்டாம் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். ஊதட்டும், ஊளையிடட்டும், அந்தப் பையன் கால் தடுமாறட்டும். விளையாட்டுப் பக்கத்தில் நான் எழுதிய நேர்மை, கண்ணியம் எல்லாம் அந்த நேரத்தில் காற்றில் போயிற்று. கதவருகே நின்றிருந்த மேலாளர் ஓர் அடி முன்னால் வந்தார்.

கை எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே, எப்போதும்போல் நேராக.

“உக்காருங்க” என்றார்.

கிழக்கு உட்கார்ந்தது. மேற்கு உட்கார்ந்தது. விசில் ஒவ்வொன்றாக அணைந்தது. எங்கோ ஒரு குழந்தை அழுதது, அதையும் யாரோ தோளில் சாய்த்துக்கொண்டார்கள். அந்த அமைதியில் பையன் நான்கு அடி பின்வாங்கி, ஓடி வந்து உதைத்தது எங்களுக்கு மேலே வரை ‘தொப்’பென்று கேட்டது. பந்து சுழன்று போய், இரண்டு கம்பத்துக்கும் நடுவே, கட்டைக்கு மேலே கடந்து அந்தப் பக்கம் விழுந்தது. கம்பத்தடியில் நின்ற துணை நடுவர்கள் கொடியை உயர்த்தினார்கள்.

ஒரு சத்தமும் இல்லை. ஜெயித்த பையனே பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தான். பந்து உள்ளே போனதா இல்லையா என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அத்தனை ஆயிரம் பேரும் வாயைத் திறக்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை இன்னும் இறங்கவில்லை.

அக்கா வலக்கையை உயர்த்தியபடியே இடக்கையால் கைப்பையைத் திறந்தார். பஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்தார். ஒரு கண்ணில் ஒற்றினார், பிறகு மற்றக் கண்ணில். கசக்கவில்லை. பஞ்சை மடித்துப் பைக்குள் வைத்து மூடினார். பிறகுதான் கையை இறக்கினார்.